அப்பா சுக்கான் பிடித்த படகு

வெள்ளைக்காரர் விசா இல்லாமல் படகில் வந்து இறங்கிய நாளை, சிட்னியில் ஒவ்வொரு ஜனவரியும் படகு விட்டுத்தான் கொண்டாடுவார்கள். பாய்மரப் படகு, துடுப்புப் படகு, பணக்காரரின் வெள்ளை யாட், பீரங்கி வெடி, பாண்ட் வாத்தியம், பூத்தொப்பி வைத்த கிழவிகள். நூறு வருஷத்துக்கு மேலாக இந்தக் கூத்து நடக்கிறது. அன்றைக்கு வந்து இறங்கியவர்களிடம் கரையில் நின்ற சனம் என்ன கேட்டதோ எனக்குத் தெரியாது. நின்றது எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களாக இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பார்கள் என்று தெரியும்.

"தம்பியவை ஊரில எவடம்?"

கேட்கும்போது அன்பாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் வந்தவுடன், எந்தக் கோயிலுக்குப் பக்கத்தில் வீடு என்று அடுத்த கேள்வி: "எந்தக் கோயிலடி?" அதற்கும் பதில் வந்தால் மூன்றாவது: "அப்பா ஆர்?" அவ்வளவுதான். சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் ஒருவரும் வாயால் சொன்னதே கிடையாது. சொல்லத் தேவையே வந்ததில்லை. மூன்று கேள்வியில் ஆளை அளந்து, எந்தக் கதிரையில் இருத்துவது, எந்தக் கோப்பையில் தேத்தண்ணி கொடுப்பது என்பதுவரை முடிவாகிவிடும். இந்த விஷயத்தில் அப்பா ஒரு நிபுணர். தொழிலில் எஞ்சினியர். சிட்னி நகரத்துக் குடிதண்ணீர்க் குழாய்களுக்குப் படம் கீறுகிறவர்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் ஆட்கள் சிட்னியில் மொத்தம் பதினொரு குடும்பம். நாங்கள் பென்டில் ஹில்லில் இருந்தோம். அந்தப் பக்கம் அப்போது மிளகாய்த்தூள் வாங்கவே வழியில்லை. பதினொரு குடும்பத்துக்கும் ஒரு சங்கம், அதற்கு அப்பா தலைவர். நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம். அக்கா மருத்துவம் முடித்து ஆஸ்பத்திரியில் பயிற்சி டொக்டராக இருந்தாள். அந்தப் பயிற்சி முடிய மூன்று மாதம் இருந்தது. இந்த மூன்று மாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முழுக் கதையும் அதில்தான் தொங்குகிறது.

ஏனென்றால் அக்காவுக்கு ஓர் ஆள் இருந்தார்.

உப்புத்தண்ணீரில் சீமெந்து ஏன் வெடிக்கிறது என்று ஆராய்ச்சி செய்ய யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்கொலர்ஷிப்பில் வந்தவர். நானும் அக்காவும் எங்களுக்குள் அவரைச் 'சீமெந்து' என்போம். டெலிபோனில் கதைக்க வசதி. "சீமெந்து எப்பிடி இறுகுது?" என்று கேட்டால் அப்பா பாடம் என்று நினைப்பார். சங்கத்துத் தீபாவளியில் அறிமுகமாகி, ஞாயிற்றுக்கிழமைகளில் சோறு சாப்பிட வரத் தொடங்கினார். அப்பாவுக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. குழாய்களைப் பற்றி அப்பா ஒன்றரை மணித்தியாலம் பேசினாலும் கொட்டாவி விடாத ஒரே ஆள் அவர்தான்.

முதல் ஞாயிறே அப்பா முதல் கேள்வியைக் கேட்டார். "டவுனுக்குக் கிட்ட, அங்கிள்" என்றார் சீமெந்து. அப்பா இரண்டாவது கேள்விக்கு வாயைத் திறந்த நேரத்தில் அக்கா சொதிச் சட்டியை அவர் வேட்டியில் கவிழ்த்தாள். தற்செயலாம். நான் நம்பவில்லை.

அதற்குப் பிறகு அப்பா நேரே கேட்கவில்லை. ஆராய்ச்சி மாணவன், டவுன்காரன், பணிவான பிள்ளை, மாப்பிள்ளையாக்கலாம் என்ற நினைப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளை ஆகப்போகிறவனிடம் நேரே கேட்பது மரியாதையில்லை, ஊரில் விசாரிப்பதுதான் முறை. எனவே பெரியப்பாவுக்குக் கடிதம் போட்டார். பெரியப்பா டவுன் முழுக்க விசாரித்துவிட்டு, அப்படி ஒரு குடும்பம் இங்கே இல்லையே என்று பதில் எழுதினார். கூடவே கொழும்பில் ஒரு பாங்க் மனேஜர் ரெடியாக இருக்கிறார் என்றும் எழுதியிருந்தார். அப்பா இன்னும் கொஞ்சம் தள்ளி விசாரிக்கச் சொல்லித் திருப்பி எழுதினார்.

சீமெந்து அக்காவிடம் ஒளிக்கவில்லை. இரண்டாவது ஞாயிறே சொல்லிவிட்டார்: கடற்கரைப் பக்கம், மீன்பிடிக்கிற குடும்பம், வீட்டில் இரண்டு வள்ளம். அக்கா அதைக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் எனக்குச் சொன்னாள்.

"மூண்டு மாசம் தாக்குப்பிடிச்சாக் காணும்," என்றாள். "என்ர பயிற்சி முடியட்டும். கையில பத்திரமும் வேலையும் வந்த பிறகு நானே அப்பாவிட்டச் சொல்லுவன். இப்ப தெரிஞ்சா அடுத்த கிழமை என்னைக் கொழும்புக்கு ஏத்திவிடுவார்."

"ஏத்தினாப் போவியோ?"

"போகமாட்டன். ஆனா அம்மா அழுவா. அழுதா எனக்கு மூளை வேலை செய்யாது."

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் படகுப்போட்டி நடத்தும் குழுவிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா எங்கள் வீட்டு மணியை அடித்தார். அந்த வருஷம் குடியேறி வந்த சமூகங்களுக்கென்று ஒரு சிறப்புப் பந்தயம் வைக்கிறார்களாம். பழைய கப்பற்படைத் துடுப்புப் படகு, ஐந்து பேர் வலிக்க வேண்டும், ஒருவர் சுக்கான் பிடிக்க வேண்டும். கிரேக்கர் வருகிறார்கள், இத்தாலியர் வருகிறார்கள், ஹொலண்டிலிருந்து ஒல்லாந்தர் வருகிறார்கள். நீங்கள் தீவிலிருந்து வந்தவர்கள், பிறக்கும்போதே துடுப்போடு பிறப்பீர்கள் அல்லவா என்று அந்த அம்மா கேட்டார்.

அப்பாவின் கடல் அனுபவம் முழுவதையும் ஒரு வரியில் சொல்லலாம். நயினாதீவுக் கோயிலுக்கு லோஞ்சில் ஒரு தரம் போனவர், போகும்போதும் வயிறு பிரட்டிச் சத்தி, வரும்போதும் சத்தி.

"ஒப் கோர்ஸ், மேடம்," என்றார் அப்பா.

அந்த அம்மா போனதும் எங்கள் அம்மா குசினியிலிருந்து வந்தாள். "உங்களுக்குப் படகைப் பற்றி என்ன தெரியும்?"

"தண்ணியைப் பற்றித் தெரியுமெல்லோ," என்றார் அப்பா. "இருபது வருஷமாத் தண்ணியோடதானே வேலை செய்யிறன்."

சங்கத்தில் ஆள் பிடித்தார். கணக்காளர் அங்கிள், தொண்டை பெரிது, வயிறு அதைவிடப் பெரிது. டொக்டர் அங்கிள். டொக்டர் அங்கிளின் தம்பி, கோயிலில்கூட வாய் திறக்காத மனுஷன். என்னோடு படிக்கும் ஒரு பொடியன். ஐந்தாவது ஆளாக, "தம்பி, நீரும் வாரும், ஒரு எக்ஸர்சைஸ்தானே" என்று சீமெந்து.

சீமெந்து சாப்பிட்ட கையோடு அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரைப் பார்த்தாள்.

எங்களிடம் படகு இல்லை. போட்டியன்று அவர்கள்தான் தருவார்கள். ஆனால் படகு இல்லாததெல்லாம் அப்பாவுக்கு ஒரு தடையே இல்லை. எங்கள் கராஜில் சாப்பாட்டு மேசைக் கதிரைகள் ஐந்தை வரிசையாக வைத்தார். துடுப்புக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு தும்புத்தடி, வீடு கூட்டுகிற நீட்டுத் தடி. கரும்பலகையில் படகைக் கீறி, அம்புக்குறி போட்டு, விசை, எதிர்விசை, திருப்பம் என்று நான்கு ஞாயிறு வகுப்பு எடுத்தார். ஐந்து பேரும் கதிரையில் இருந்து காற்றைத் தும்புத்தடியால் வலித்தார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்துவிட்டுத் தன் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டான்.

தாளத்துக்குக் கணக்காளர் அங்கிள் 'ஏலேலோ' போட்டார். பள்ளிக்கூட நாடகத்தில் செம்படவனாக நடித்துப் பரிசு வாங்கினவராம். மேடையில் ஏலேலோ பாடலாம், கைதட்டுவார்கள். உண்மையாகவே ஏலேலோ போட்டுப் பிழைக்கிறவன் வீட்டில் ஒரு மிடறு தண்ணீர் மட்டும் குடிக்க மாட்டார்கள். அவன் பிடித்த மீன் வேறு விஷயம், அதைக் கட்லட் செய்து ஐந்து ஐந்தாகத் தின்பார்கள். அந்தக் கராஜில் இதெல்லாம் எனக்குப் பெரிய பகிடியாகத்தான் இருந்தது, சீமெந்தின் முகத்தைப் பார்க்கும்வரை. கையில் தும்புத்தடி, வாயில் ஏலேலோ. "தம்பி, முழங்கையை மடக்காதேயும்" என்று அப்பா சொல்லிக்கொடுக்கிறார். "ஓம் அங்கிள்" என்கிறார் இவர். பத்து வயதிலிருந்து வள்ளத்தில் துடுப்புத் தண்டு வலித்த மனுஷன்.

போட்டிக்கு முதல்நாள் நானும் அக்காவும் கடைக்குப் போகிறோம் என்று சொல்லிப் போய் ஸ்டேஷன் வாசலில் அவரைச் சந்தித்தோம்.

"நாளைக்கு நீர் ஒண்டும் தெரியாத ஆள் மாதிரி இரும்," என்றாள் அக்கா.

"எனக்கு நடிக்க வராது."

"ஒண்டும் தெரியாத மாதிரி நடிக்கிறது கஷ்டமே? உம்மட புரொபசருக்கு முன்னால ஒவ்வொரு நாளும் செய்யிறனீர்தானே."

அவர் சிரிக்கவில்லை. "தண்டைப் பிழையாப் பிடிக்கிறது கஷ்டமப்பா. கை கேக்காது."

"மூண்டு மாசமெண்டு பேச்சு," என்றாள் அக்கா. "கையிட்டச் சொல்லும்."

போட்டியன்று சூடு பறந்தது. பதினொரு குடும்பமும் ரயில் ஏறித் துறைமுகத்துக்குப் போய், ஒபரா ஹவுஸுக்கு எதிர்ப்பக்கம் புல்லில் பாய் விரித்து, சோற்றுப் பார்சலும் கட்லட்டும் தேத்தண்ணிப் போத்தலுமாக இடம் பிடித்தது. அப்பா கோட்டும் டையும். சுக்கான் பிடிக்கிறவர் கப்டனுக்குச் சமமாம், கப்டன் டை கட்டத்தான் வேண்டுமாம்.

படகைக் கண்டதும் என்னோடு படிக்கும் பொடியன் சிவப்பு நிறத்திலிருந்து பச்சை நிறத்துக்குப் போனான். பாண்ட் வாத்திய மேடைக்குப் பின்னால் போய்ச் சத்தி எடுத்துவிட்டு, பாயில் குப்புறப் படுத்துவிட்டான். பந்தயத்துக்குப் பத்து நிமிஷம். ஆள் குறைகிறது.

"நான் வாறன்," என்றேன்.

"பொம்பிளைப் பிள்ளையோ?" என்றார் கணக்காளர் அங்கிள்.

படகுக்குப் பொறுப்பான கிழவன் வாயில் சிகரெட்டோடு என்னைப் பார்த்தான். அவனுடைய தாளில் ஐந்து தலை என்று இருந்தது. தலை இருந்தால் போதும் என்றான்.

என்னைப் படகின் முன் நுனியில், அணியத்தில் இருத்தினார்கள். துடுப்பு வலிக்கிறவர்கள் எல்லோரும் பின்பக்கம் பார்த்துத்தான் இருப்பார்கள். எனவே எனக்கு நேர் முன்னால் சீமெந்தின் முதுகு. அதற்கு அங்கால் டொக்டர் அங்கிளின் தம்பி, டொக்டர் அங்கிள், கணக்காளர் அங்கிள் என்று மூன்று முதுகு. கடைசியில் சுக்கானைப் பிடித்தபடி எங்களைப் பார்த்து அப்பா, டையோடு.

பக்கத்துப் படகில் ஒல்லாந்தர். காலையிலேயே பியர் போத்தலோடு வந்தவர்கள்.

"கோட்டை கட்டி எங்களை ஆண்டவங்கள்," என்றார் கணக்காளர் அங்கிள். "இண்டைக்கு நல்ல பாடம் படிப்பிப்பம்."

பீரங்கி வெடித்தது. மற்ற மூன்று படகும் போய்விட்டன. எங்கள் படகில் இருவர் காதைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள்.

"ஸ்டார்ட்," என்றார் அப்பா. "வன்... டூ..."

கதிரைக்கும் தும்புத்தடிக்கும் தெரியாத ஒரு விஷயம் கடலுக்குத் தெரியும். அது அசையும். முதல் வலிப்பிலேயே ஐந்து துடுப்பும் ஐந்து திசைக்குப் போயின. கணக்காளர் அங்கிளின் துடுப்பு டொக்டர் அங்கிளின் துடுப்பை அடித்தது. டொக்டர் அங்கிளின் துடுப்பு என்னவோ கோபத்தில் அவர் நெஞ்சிலேயே அடித்து, அவரைத் தம்பியின் மடியில் மல்லாத்தியது. படகு ஒரு முழுச்சுற்றுச் சுற்றி, எங்கள் ஆட்களின் பாயைப் பார்த்து நின்றது. கரையில் அம்மா கைகாட்டினாள்.

"விசை சமமா வரேல்ல," என்று அப்பா விளக்கினார்.

சீமெந்து நடிக்கத்தான் செய்தார். மோசமாக வலிப்பதிலும் ஒரு வடிவு இருந்தது. காலை நனைக்க விரும்பாத பூனை மாதிரி அவர் துடுப்பு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் போய் வந்தது. ஆனால் அவருடைய முதுகு என்னிடம் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு தரமும் மற்றவர்கள் பிழையாகப் போடும்போது தோளுக்குக் கீழே ஒரு சதை துடித்தது, பல்லைக் கடிக்கிறவனின் தாடை மாதிரி.

"தம்பி, துடுப்பை ஆழமா விடும்," என்றார் அப்பா. "நான் கீறிக் காட்டினனான்தானே."

"ஓம் அங்கிள்."

பாதித்தூரத்தில் ஒரு மிதவை இருந்தது, அதைச் சுற்றித் திரும்ப வேண்டும். நாங்கள் மிதவையை நோக்கித் தவழ்ந்துகொண்டிருந்தபோது கிரேக்கரும் இத்தாலியரும் திரும்பிக் கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கிரேக்கரில் ஒருவன் எழுந்து நின்று, அப்பாவின் டைக்குச் சலூட் அடித்தான். அவர்கள் படகு முழுக்கச் சிரித்தது. ஒல்லாந்தர் மட்டும் மிதவைக்குப் பக்கத்தில் ஒருவன் தொப்பியைத் தண்ணீரிலிருந்து எடுப்பதற்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்தச் சிரிப்பு கணக்காளர் அங்கிளுக்குச் சுட்டுவிட்டது. மூச்சு வாங்கியபடி துடுப்பை மடியில் போட்டார்.

"விடுங்கோ ஐசே. இது படிச்ச ஆக்களின்ர வேலையில்லை. ஊரில உதுக்கெண்டே சனம் இருக்கு. கள்ளைக் குடிச்சுப்போட்டு மாடு மாதிரி வலிக்குங்கள். மூளை தேவையில்லை."

"ஓமோம்," என்றார் அப்பா. "மசில் மட்டும்தான். சயன்ஸ் இல்லை."

எனக்கு முன்னால் இருந்த முதுகு அப்படியே நின்றது.

"மூண்டு மாசம்," என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

"தெரியும்," என்றார். இரண்டு தரம் பூனை மாதிரி வலித்தார். மூன்றாவது தரம் வலிக்கவில்லை. தலையைப் பாதி திருப்பி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "அக்காவிட்டச் சொல்லும், என்னால ஏலாமப் போச்செண்டு."

பிறகு குரலை உயர்த்தினார். அந்தக் குரலை எங்கள் வீட்டில் நான் கேட்டதே இல்லை. காற்றுக்கு எதிராக அடுத்த வள்ளத்துக்குக் கேட்க வேண்டிய குரல்.

"எல்லாரும் தண்டைத் தூக்குங்கோ. தண்ணிக்கு மேல. அங்கிள், மடியில வைக்காதேங்கோ, தூக்குங்கோ. காத்து தெக்கால, சோளகத்துக்குத் திரும்புது, இப்ப பின்னால தள்ளும், அதை விடக்கூடாது. நான் 'வலி' எண்டேக்க எல்லாரும் ஒண்டாப் போட்டு ஒண்டா இழுக்க வேணும். கையால இல்லை, காலை ஊண்டி முதுகால. அங்கிள், சுக்கானை இடப்பக்கம் தள்ளுங்கோ. போதும். வலி."

அப்பா தள்ளினார். யோசிக்காமல் தள்ளிவிட்டார் என்று நினைக்கிறேன்.

படகு போனது. வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அதுவரை எங்களைச் சுமந்துகொண்டு சலித்துப்போயிருந்த அந்தக் கட்டை, யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரிப் போனது. மிதவையை ஒட்டித் திரும்பினோம். அவருடைய முதுகு விரிந்து சுருங்கி விரிந்தது. அவசரமே இல்லை. அவருடைய குரலுக்கு டொக்டர் அங்கிளின் தம்பி வலித்தார், டொக்டர் அங்கிளும் வலித்தார். எனக்கு உள்ளங்கை எரிந்தது, ஆனாலும் வாயெல்லாம் சிரிப்பு.

அப்பா சிரிக்கவில்லை. மூன்று தலைகளுக்கு மேலால் சீமெந்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றார். "நீர் எங்க பழகினனீர்?"

"ஊரில, அங்கிள். வலி."

"ஊரில எவடம்?"

"கடற்கரைப் பக்கம். வலி."

"இப்ப உதைக் கேக்கிறதோ ஐசே," என்று கணக்காளர் அங்கிள் முனகினார். அப்பாவுக்குக் கேட்கவில்லை.

"எந்தக் கோயிலடி?"

"வைரவர் கோயில். அதுக்குப் பின்னால, மீன்வாடி இருக்கிற பக்கம். வலி."

"அப்பா ஆர்?"

"அப்பாவுக்கு ரெண்டு வள்ளம். நானும் அண்ணாவும் விடிய வலிச்சுப்போட்டுத்தான் பள்ளிக்கூடம் போனனாங்கள். வலி."

மூன்று கேள்வியும் முடிந்துவிட்டன. சிட்னித் துறைமுகத்தின் நடுவில், ஒரு பாண்ட் வாத்தியம் ராணியின் கீதத்தை ஊதிக்கொண்டிருக்க. அப்பாவின் கை சுக்கானிலிருந்து தானாகக் கழன்றது. படகு ஒரு பக்கமாக இழுத்து, நேரே ஒல்லாந்தரின் நடு வயிற்றைப் பார்த்துப் போகத் தொடங்கியது. தொப்பி எடுத்தவன் எங்களைக் கண்டு ஏதோ கத்தினான்.

"அங்கிள், சுக்கானைப் பிடியுங்கோ," என்றார் சீமெந்து. குரல் மாறவில்லை. "கோவிக்கிறதைக் கரையில போய்க் கோவிக்கலாம்."

ஒரு கணம் அப்பா பிடிக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். முகம் அப்படி இருந்தது. பிறகு ஒல்லாந்தரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சுக்கானைப் பிடித்தார். ஒரு துடுப்பு அகல இடைவெளியில் ஒல்லாந்தரைக் கடந்தோம். கணக்காளர் அங்கிள் தன்னையறியாமல் ஏலேலோ போட்டார். ஒருவரும் சேர்ந்து பாடவில்லை, மூச்சு இல்லை.

நான்கு படகில் மூன்றாவது. கரையில் எங்கள் ஆட்கள் போட்ட சத்தத்தைக் கேட்டவர்கள் நாங்கள் நாட்டையே பிடித்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள். சிகரெட் கிழவன் இறங்கி வந்து, மற்ற ஒருவரையும் பார்க்காமல் சீமெந்தின் கையை மட்டும் பிடித்துக் குலுக்கினான். படகில் பிறந்த பயல் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வெள்ளைக்கார அம்மாவும் ஓடிவந்தார். ஆரம்பத்தில் பயந்துவிட்டாராம், பிறகுதான் புரிந்ததாம், முதலில் வேண்டுமென்றே பின்தங்கி விளையாட்டுக் காட்டினீர்கள்தானே என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா டையைச் சரிசெய்தார்.

"இட் இஸ் இன் அவர் பிளட், மேடம்," என்றார்.

நான் சீமெந்தைப் பார்த்தேன். அவர் படகின் கயிற்றைத் தூணில் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சு முடியும்வரை நிமிரவில்லை.

அந்த அம்மா போனதும் அப்பாவின் ஆங்கிலமும் போய்விட்டது, தமிழும் போய்விட்டது. பாயில் வந்து இருந்து, தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். கணக்காளர் அங்கிள் அதற்குள் தன் மனைவியின் காதுக்குள் ஏதோ சொல்லிவிட்டார். மனைவி அடுத்த அன்ரிக்கு. பதினொரு குடும்பத்துக்குச் செய்தி போய்ச்சேர ஒரு கட்லட் தின்னும் நேரம் போதும்.

அக்கா மருந்துப் பையோடு என்னிடம் வந்தாள். எல்லோருடைய உள்ளங்கையும் தோலுரிந்து கிடந்தது.

"எல்லாம் சொல்லிப்போட்டார்," என்றேன். "அப்பா மூண்டும் கேட்டவர். மூண்டுக்கும் சொன்னவர். உன்னட்ட, தன்னால ஏலாமப் போச்செண்டு சொல்லச் சொன்னவர்."

அக்கா என் கையில் மருந்து பூசிக்கொண்டிருந்தாள். "ஏன் ஏலாமப் போச்சு?"

கணக்காளர் அங்கிள் சொன்னதையும் அப்பா சொன்ன "சயன்ஸ் இல்லை"யையும் சொன்னேன்.

"ம்," என்றாள். துணிக்கட்டுக்கு முடிச்சுப் போட்டுவிட்டு எழும்பினாள்.

கணக்காளர் அங்கிளுக்கு மருந்து கட்டினாள். டொக்டர் அங்கிளுக்குக் கட்டினாள், டொக்டர் என்றாலும் தன் கையைத் தானே கட்ட முடியாதே. அவர் தம்பிக்குக் கட்டினாள். பிறகு தனியே கல்லில் இருந்த சீமெந்திடம் போனாள். அவர் கையை விரித்துக் காட்டினார். ஒரு கீறல்கூட இல்லை. அந்தக் கைக்கு அதெல்லாம் ஒரு வேலையே இல்லை. அக்கா பக்கத்தில் இருந்து அந்தக் கையைத் தன் மடியில் வைத்தாள். பதினொரு குடும்பம் மெல்லுவதை நிறுத்தியது.

"பிள்ளை," என்றார் அப்பா. அதட்டவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "உனக்குத் தெரியுமோ?"

"ஓம் அப்பா. ரெண்டாவது ஞாயிறில இருந்து."

"என்னட்டச் சொல்லேல்ல."

"நீங்கள் என்னட்டக் கேக்கேல்லயே. பெரியப்பாவிட்டயெல்லோ கேட்டனீங்கள்."

"வீட்டை போய்க் கதைப்பம்."

"இஞ்சயே கதைப்பம். எல்லாருக்கும் தெரிஞ்சுதானே போச்சு."

அம்மா என் தோளைப் பிடித்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. "ஆக்கள் பாக்கினம்," என்று மட்டும் சொன்னாள், யாருக்கென்று இல்லாமல்.

"நான் கொழும்புக்கு ஓமெண்டு எழுதப்போறன்," என்றார் அப்பா.

"எழுதுங்கோ. நான் வரமாட்டன் எண்டதையும் அதிலயே எழுதிவிடுங்கோ. ஒரு முத்திரையோட போகும்."

சீமெந்து கையை எடுக்கப் பார்த்தார். அக்கா விடவில்லை. அப்பா எழுந்து, தேத்தண்ணியைப் புல்லில் ஊற்றிவிட்டு, கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு தனியே ஸ்டேஷன் பக்கம் நடந்தார். அம்மா கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கட்லட் பெட்டியைத் திறந்து, இரண்டை ஒரு கடுதாசியில் வைத்து, கல்லடிக்குக் கொண்டுபோய்ச் சீமெந்திடம் நீட்டினாள்.

"மீன்தான், தம்பி," என்றாள். "சாப்பிடும்." சொல்லிவிட்டு அப்பாவுக்குப் பின்னால் ஓடினாள்.

அன்றைக்கே அக்கா ஆஸ்பத்திரி விடுதிக்குப் போய்விட்டாள். அப்பா ஆறு கிழமை அவளோடு பேசவில்லை. அதற்குள் அவளுடைய பயிற்சி முடிந்து, அங்கேயே வேலையும் கிடைத்திருந்தது. கொழும்புக்கு எழுதினாரா என்று கேட்டால், முத்திரை முடிந்துவிட்டது என்றார். பக்கத்துத் தெருவில் தபால் கந்தோர்.

வீட்டில்தான் இந்த மௌனம். வேலையிடத்தில் வேறு கதை. அங்கே அவரை எல்லோரும் 'கப்டன்' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். ஒல்லாந்தரைக் கடந்த கதையை அவர் டெலிபோனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தபோது ஒட்டுக்கேட்டேன். அதில் சோளகம் வந்தது, காலை ஊன்றி முதுகால் வலிப்பது வந்தது. எல்லாம் அப்பாவே கண்டுபிடித்த மாதிரி.

மார்ச்சில் அந்த வெள்ளைக்கார அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. ஈஸ்டர் விடுமுறையில் பக்கத்துக் குடாவில் சின்னதாக ஒரு போட்டி, அதே குழு வரவேண்டும், முக்கியமாக அந்த இளைஞர். அப்பா கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தார். மூன்றாம் நாள் கராஜில் கதிரைகளை அடுக்கினார். கணக்காளர் அங்கிள் வந்து, சீமெந்தின் கதிரை வெறுமையாக இருப்பதைப் பார்த்தார். தன் கதிரையில் இருக்கவேயில்லை.

"ஐசே, நான் ஒண்டு சொல்லட்டே? அந்தப் பொடியன் இல்லாமப் போனா, இந்த முறை ஒல்லாந்தன் எங்களுக்குச் சலூட் அடிப்பான்."

"நீர்தானே மூளை தேவையில்லை எண்டனீர்," என்றார் அப்பா.

"சொன்னனான்தான்," என்றார் கணக்காளர் அங்கிள். தன் உள்ளங்கையைப் பார்த்தார். "எனக்கும் மூளை இல்லை எண்டு வைச்சுக்கொள்ளுமன்."

அவர் போனபிறகு அப்பா நெடுநேரம் கராஜில் இருந்தார். பிறகு உள்ளே வந்து, ஆஸ்பத்திரி விடுதி நம்பரை என்னிடம் கேட்காமலே சுழற்றினார். மனப்பாடமாக இருந்திருக்கிறது. நான் குசினி வாசலில் நின்றேன். அம்மா அடுப்பைக் குறைத்தாள். மறுமுனையில் அக்காவின் குரல், விடுதி நடையின் எதிரொலியோடு, எங்களுக்கும் கேட்டது.

"நான்தான்," என்றார் அப்பா. ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார். "அவரை ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லு. படகு விஷயமா. படகு விஷயமா மட்டும்."

"அப்பிடியெண்டா வரமாட்டார்," என்றாள் அக்கா. "ரெண்டு விஷயத்துக்குமெண்டா வருவார். நானும் வருவன்."

அப்பா டெலிபோன் கம்பியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், திரும்பவும் சுற்றினார். எங்களைப் பார்த்தார். அம்மா வேண்டுமென்றே சட்டிக்குள் பார்த்தாள்.

"எத்தினை மணிக்கு?" என்றார்.